இதுவா, அதுவா

குழாயை நூல் மாதிரித் திறந்துவிட்டு, மனைவியின் மூக்குக்கண்ணாடியை அதன் கீழே சாய்த்துப் பிடிக்கிறார். வெந்நீர் கூடாது, வில்லையின் மேல்பூச்சு போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரே ஒரு சொட்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வில்லையின் இரண்டு பக்கமும் வட்டம் போடுகின்றன. மூக்கின்மேல் உட்காரும் சின்னஞ்சிறு திண்டுகளின் இடுக்கில் நகத்தை விட்டு நேற்றைய அழுக்கை எடுக்கிறார். மூன்று உதறு. பிறகு அதற்கென்றே மடித்து வைத்திருக்கும் பருத்தித் துணி. சட்டை நுனியால் கண்ணாடி துடைப்பவர்களைப் பற்றி அவர் பேசும் தொனியில் மற்றவர்கள் திருடர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திருப்தி இல்லாமல் வாயால் ஆவி விட்டு மறுபடியும் துடைக்கிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தில் தானே மாட்டிவிடுகிறார். இரண்டு உள்ளங்கைகளும் அவளுடைய நெற்றிப்பொட்டுகளில் அழுந்த, விரல்கள் காதுக்குப் பின்னால் போய்க் கம்பியைச் சரிசெய்கின்றன.

"இப்ப எப்படி?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"உங்க மூக்கு. அதுல வெளிய எட்டிப் பாக்கற ஒரு முடி."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். மூக்கின் முடியைத் தவிர இந்த உரையாடலில் எதுவும் மாறியதில்லை.

அந்த ஐந்தாறு விநாடிகள் அவளுக்கு முக்கியமானவை. விழித்திருக்கும் நேரத்தில் அவள் தலை அசையாமல் நிற்பது அப்போது மட்டும்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து தானாக ஆட ஆரம்பித்தது. பெரிய ஆட்டம் இல்லை. யாரோ நீட்டும் தட்டை "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று மரியாதையாக மறுப்பதுபோல, இடமும் வலமும் விரற்கடை தூரம். தூக்கத்தில் நிற்கும். உயிருக்கு ஒன்றும் இல்லை, நிற்கவும் நிற்காது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அவள் பழகிக்கொண்டாள். அவளுடைய வாடிக்கையாளர்கள்தான் பாவம்.

வீட்டின் முன்னறையில் அவள் தையல் வேலை செய்கிறாள். புதுத் துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவதும்தான் தொழில். கை இரும்பு மாதிரி நிற்கும். ஊசியில் நூலை ஒரே குத்தில் கோப்பாள். ஆனால், "இந்த பேண்ட்ட ரெண்டு அங்குலம் ஏத்த முடியுமா?" என்று கேட்பவர் எதிரே அவள் தலை இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருக்கும். "முடியும்ங்க" என்பாள். கேட்டவர் குழம்பிப்போய்த் துணியைத் திரும்பச் சுருட்டுவார்.

"தலையப் பாக்காதீங்க, வாயப் பாருங்க" என்பாள் அவள்.

அவருக்குத் தொழில் கண் பரிசோதனை. கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அவருடையது. பத்தடி அறை. எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி மாட்டி அதை இருபதடி ஆக்கியிருக்கிறார். வருகிறவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்துச் சொருகுவார். "இதுவா..." டக். "அதுவா?" டக். "இதுவா, அதுவா?" ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்றால் எத்தனை இதுவா, எத்தனை அதுவா! கடையில் அவருடைய பெயரே அதுதான். "இதுவா-அதுவா வந்தாச்சா?" என்றுதான் முதலாளியே கேட்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு வேதம் உண்டு. "யோசிக்காதீங்க. பாத்த உடனே சொல்லுங்க. யோசிச்சா நீங்க பேசறீங்க. யோசிக்கலன்னா கண்ணு பேசுது." பொய்யை அவர் மோப்பம் பிடிப்பார். உரிமம் புதுப்பிக்க வரும் லாரி ஓட்டுநர்கள் எழுத்து அட்டையைத் தலைகீழாக மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அவர் எழுந்து போய் அட்டையை மாற்றிவிட்டு வந்து உட்காருவார். வகுப்புத் தோழியின் சிவப்புக் கண்ணாடிமேல் ஆசைப்பட்டு "ஒண்ணுமே தெரியல அங்கிள்" என்கிற சிறுமிகளுக்குப் பவரே இல்லாத வெறும் கண்ணாடியைச் சொருகுவார். "இப்ப?" "ஐ, சூப்பரா தெரியுது!" அவர் சிரிக்க மாட்டார். அம்மாவை வெளியே அழைத்துப்போய், "கண்ணு நல்லா இருக்கு. ஆசைதான் கொஞ்சம் கூட" என்பார்.

இப்படி ஊரையே முடிவெடுக்க வைக்கிற மனுஷன், தனக்கென்று வந்தால் ஒரு வாளி வாங்க இரண்டு நாள் எடுப்பார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கதைதான். பச்சை வாளியின் கைப்பிடி நல்லது, நீல வாளியின் அடிப்பாகம் நல்லது. கடைசியில் அவள் போய் எதையோ தூக்கிக்கொண்டு வருவாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று அதை ஒரு வாரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் யோசிக்காமல் வாங்கிய பொருள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. எட்டு வருஷத்துக்கு முன்னால், பார்வை மங்கிப்போன ஒரு கப்பல் அதிகாரி கடைக்கு வந்தார். வில்லை மாற்றியும் பெரிதாகப் பயன் இல்லை. எழுந்து போகும்போது, "என்கிட்ட ஒரு தொலைநோக்கி சும்மா கிடக்கு. உங்களுக்கு வேணுமா?" என்றார். "வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தன் வாயையே ஆச்சரியமாகத் தொட்டுப் பார்த்தாராம்.

வெள்ளைக் குழாய், எட்டங்குலம் அகலம். வானம் நகர நகரத் தானும் நகரும் மோட்டார் வைத்த தாங்கி. மொட்டைமாடிக்கு அதை ஏற்றிய முதல் மாலை, இருட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், படியில் தடதடவென்று ஓடிவந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்த மனைவியை அப்படியே இழுத்துக்கொண்டு போனார். "சனி! வளையத்தோட! நம்ம மாடிக்கு மேலயே நிக்குது!"

அவள் குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொண்டு குனிந்தாள். கண் வைக்கும் வில்லை ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதிலிருந்து வெளியே வரும் வெளிச்சக் கற்றை அதைவிட மெல்லியது. கண் ஒரு நூல் விலகினால் எல்லாம் இருட்டு. அவளுடைய தலையோ இடம் போய் வலம் வந்து மறுபடி இடம் போகிறது. ஓடும் ரயில் ஜன்னலில் எங்கோ ஒரு வீட்டு விளக்கு தட்டுப்பட்டு மறைவதுபோல ஏதோ மஞ்சளாக வந்தது, போனது. அப்புறம் தன்னுடைய கண்ணிமை மயிர். அப்புறம் இருட்டு. பக்கத்தில் அவர் குதிகாலை உயர்த்தி, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நின்றார்.

"தெரியுதா?"

நாற்பது பேரிடம் கேட்கும் குரல் இல்லை அது. முதல் தடவை ஓவியம் வரைந்த பிள்ளை, தாளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்கும் குரல். அந்தக் குரலுக்கு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

"தெரியுது" என்றாள். தலை இல்லை, இல்லை என்றது. அவர்தான் வாயைப் பார்த்தே பழகியவர் ஆயிற்றே.

"வளையம்?"

"வளையமும்."

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் மறுநாள் அவர் கடையில் எல்லோரிடமும், "என் வீட்டம்மாவே பாத்துட்டா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு நாள் பொய்யைச் சொல்லிவிடலாம். ஒரு மாதப் பொய்யைக்கூட அழுது சொல்லலாம். வருஷக்கணக்கில் ஊறிய பொய்யை எந்த வாயால் சொல்வது? வியாழனின் நான்கு நிலவுகள், நிலாவின் பள்ளங்கள், எதுவோ ஒரு இரட்டை நட்சத்திரம், எல்லாவற்றையும் அவள் "பார்த்தாள்". தினசரி நாட்காட்டியின் பின்பக்கப் படங்களை வைத்துச் சமாளித்தாள். "நல்லா பெருசா தெரியுதுங்க" என்பது அவளுடைய நிரந்தர வாக்கியம். நிலா மட்டும் வெளிச்சமாக அடித்தது. கண்ணில் டார்ச் அடித்த மாதிரி.

இதற்கிடையில் அவருடைய வழக்கங்கள் கொஞ்சம் மாறின. கடையில் தூக்கிப் போட இருந்த பழைய கருவியிலிருந்து தாடை வைக்கும் தாங்கியைக் கழற்றிக்கொண்டு வந்து தொலைநோக்கியோடு பொருத்தினார். "என் கழுத்து வலிக்குது, அதுக்குத்தான்" என்றார். அவள் அதில் தாடையை வைத்துப் பார்த்தாள். தாடை நின்றது, தலை நிற்கவில்லை. இன்னொரு மாற்றம்: குழாயின் முன்பக்க மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக அவள் கையில் கொடுத்தார். "இந்தா, புடி." சாப்பாட்டுத் தட்டு அளவு கறுப்பு மூடி. "கீழ வெச்சா என்னங்க?" "தொலைஞ்சுடும்." தொலைந்துபோகிற அளவு சின்னப் பொருளா அது? வயசானால் இப்படி ஏதாவது ஒரு பிடிவாதம் வரும் என்று அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். இன்னொன்றும் நடந்தது. "தெரியுதா?" என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அலுத்துவிட்டது போல என்று நினைத்தாள். நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. கேட்காவிட்டாலும் அவளாகவே "தெரியுது" என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.

கேமராப் பைத்தியம் பிடித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். தொலைநோக்கியில் கண் வைக்கிற இடத்தில் கேமராவைச் சொருகிவிட்டால் வானம் திரையில் வந்துவிடும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எந்தக் கேமரா? பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினார். பக்கம் பக்கமாகக் கோடு போட்டார். உள்ளே இருந்து ஒளியைப் பிடிக்கும் சில்லு நகத்தளவா, தபால்தலை அளவா? வண்ணமா, கறுப்பு வெள்ளையா? விநாடிக்கு எத்தனை படம்? மருத்துவர்களோடு பழகிப் பழகி அவர் கையெழுத்தும் கெட்டுப்போயிருந்தது. நோட்டை மற்றவர்கள் படிக்க வேண்டுமென்றால் அவரையே கூப்பிட வேண்டும்.

கேமராக் கடைக்காரர் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னார்: "சார், நீங்க மொதல்ல விசாரிச்ச மாடல் இப்ப தயாரிப்புலயே இல்ல. அதுக்கு அடுத்ததும் போயிடுச்சு. அதுக்கு அடுத்ததுல நிக்கறோம் சார்."

"ஆமா, அதுல சத்தம், அதான் படத்துல புள்ளி புள்ளியா விழுமே, அது குறைவாமே?"

"எல்லாத்துலயும் சத்தம் குறைவுதான் சார். உங்க முடிவுலதான் ஒரு சத்தத்தையும் காணோம்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற 'அண்டம்' என்கிற நண்பர் இருந்தார். கல்லூரியில் இயற்பியல் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். "இந்த அண்டத்துல..." என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார், கத்தரிக்காய் வாங்கினாலும். வான்பார்க்கும் சங்கத்துக்குச் செயலாளர். வாரம் ஒரு தடவை வந்து முன்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நண்பரைக் குழப்பிவிட்டுப் போவார்.

அவர்கள் பேசுவதைத் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. மூன்று வகை. ஒன்று, சாதாரணமாகக் கழுத்தில் மாட்டுகிற பெரிய கேமரா. பிறந்தநாளுக்கும் ஆகும், பிரபஞ்சத்துக்கும் ஆகும்; இரண்டுக்கும் அரைகுறை. இரண்டாவது, உள்ளேயே குளிரூட்டி வைத்த கறுப்பு வெள்ளைக் கேமரா. சிவப்பு, பச்சை, நீலம் என்று முன்னால் கண்ணாடி மாற்றி மாற்றி எடுத்து அப்புறம் கணினியில் ஒட்ட வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே எங்கோ கிடக்கும் வாயு மேகங்களை மணிக்கணக்கில் உறிஞ்சி எடுக்கும். மூன்றாவது, வெறும் சின்ன வண்ணக் கேமரா. மேகமெல்லாம் அதற்கு எட்டாது. ஆனால் கோள்களை அப்போதே, அந்த நிமிஷமே, திரையில் ஓடவிடும்.

மூன்றாவதைக் கேட்டபோது அவளுடைய கால் மிதியில் நின்றுவிட்டது. திரை என்றால் நாலடி தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம். தலை எவ்வளவு வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும். தொலைக்காட்சி பார்க்கிறாளே, கண்ணுக்கு என்ன குறை?

அண்டம் இரண்டாவதின் கட்சி. "யோவ் கண்ணாடி, வாங்கினா குளிரூட்டினத வாங்கு. நாலு மாசம் ஒரே மேகத்த எடுத்து அடுக்கு. அதுதான்யா தவம்."

"அப்ப அன்னிக்கே பாக்க முடியாதா அண்ணே?" என்று அவள் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்தபடி, சும்மா கேட்பதுபோல.

"பாக்கறதா? படம் எடுக்கறது வேற, பாக்கறது வேற தங்கச்சி. பாக்கறதுக்குத்தான் ஆண்டவன் கண்ணு குடுத்திருக்கானே!"

"குடுத்திருக்கான்" என்றாள் அவள். "கழுத்துலதான் கை வெச்சுட்டான்" என்று வாய்வரை வந்ததை நூலோடு சேர்த்துக் கடித்தாள்.

அவருக்கும் இரண்டாவதன்மேல் ஒரு மயக்கம் இருந்தது. வண்ணக் கண்ணாடிகள் ஒரு சக்கரத்தில் இருக்குமாம். திருப்பினால் டக், டக் என்று ஒவ்வொன்றாக வந்து விழுமாம். அவர் கை காற்றிலேயே அந்தச் சக்கரத்தைத் திருப்பியது. வாழ்நாள் முழுக்க வில்லை மாற்றிய கையல்லவா.

அப்படி ஒரு நாள் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அண்டம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கோளெல்லாம் இப்ப எதுக்குய்யா? சனியோட வளையமே மூடப்போகுது." அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். வளையம் எங்கே போகும்? எங்கேயும் போகாது, நமக்கு அது தெரிகிற சாய்மானம்தான் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. தட்டைக் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கைவசமாக்கினால் கடைசியில் விளிம்பு மட்டும் தெரியுமே, அதுபோல.

"அடுத்த வருஷம் இந்நேரம் ஒரு நூல் மாதிரிகூடத் தெரியாது தங்கச்சி. அப்புறம் பழையபடி நல்லா விரியறதுக்கு ஏழெட்டு வருஷம்."

"அப்ப எனக்கு எழுபது" என்றார் கணவர். "மாடிப்படி நம்மள ஏத்துக்கணும்."

"நீங்கதான் எட்டு வருஷமா ஆசதீரப் பாத்துட்டீங்களே தங்கச்சி" என்றார் அண்டம். தையல்காரம்மாவின் தலை இல்லை, இல்லை என்று ஆடியது. யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. வளையம் காத்திருக்காது. இந்த மனுஷன் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டார். "சின்னதையே வாங்குங்க" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எட்டு வருஷத்தையும் அவிழ்த்துக் கொட்ட வேண்டும். "நமக்கு எதுக்குங்க பெருசு, தூக்கறது யாரு?" என்று ஒரு நாள் தூண்டில் போட்டாள். "அதும் சரிதான்" என்று நோட்டில் எடைக்கென்று இன்னொரு கோடு போட்டார். "கலர்ல இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றாள் இன்னொரு நாள். வண்ணத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரை மணி நேரம் விளக்கினார். கஞ்சி ஆறிப்போனது.

சங்கத்தில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பொருள் தருவிக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று அண்டம் கெடு வைத்தார். "உனக்குக் குளிரூட்டினதுன்னு எழுதிக்கறேன்யா. மாத்தறதா இருந்தா நாளைக்குள்ள சொல்லு." அது வியாழக்கிழமை.

அன்று மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள், வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க ஏறி நிற்கும் முக்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. கண்ண மூடுங்க. யோசிக்கக் கூடாது. கேட்ட உடனே சொல்லணும். யோசிச்சா நீங்க பேசறீங்க."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். அவள் இரண்டு பொத்தான்களை எடுத்துத் தகர டப்பாவின் மேல் தட்டினாள். டக்.

"கலரா?" டக். "கறுப்பு வெள்ளையா?"

"கலர்."

"நாலு மாசம் கழிச்சா?" டக். "அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

அவள் கை கொஞ்சம் நின்றது. இவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.

"மேகமா, சனியா?"

"சனி."

கடைசிக் கேள்விக்கு முன்னால் அவள் பொத்தான்களைக் கை மாற்றிப் பிடித்தாள். டக். "நீங்க மட்டும் பாக்கறதா..." டக். "ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறதா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார்.

"பதில் சொல்லுங்க. இதுவா, அதுவா?"

"அதுதான்."

வெள்ளிக்கிழமை அண்டத்திடம் திட்டு வாங்கினார். "போயும் போயும் பொம்மையா? தவம் கலைஞ்சு போச்சே!" அவர், "என் தவம் வேறய்யா" என்றாராம்.

மூன்று வாரத்தில் வந்தது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே பஞ்சுக்கு நடுவில், சிவப்பாக, ஒரு நூல்கண்டு அளவு. அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இதுக்கா மூணு வருஷம்?" அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, முன்பக்கக் கண்ணாடியில் ஒரு தூசி கண்டு, வாயால் ஊதப்போய், தன்னையே அதட்டிக்கொண்டு, ஊதுவதற்கான ரப்பர் குமிழைத் தேடி எடுத்தார்.

அடுத்த தெளிவான மாலை ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. எட்டு நாள் மேகம் மூடியே கிடந்தது. ஆறரை மணி. அவள் கழுத்தில் அளவுநாடா தொங்க அப்படியே மாடிக்கு வந்தாள். துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. எதிரே ஸ்டூலில் மடிக்கணினி. குழாயின் மூடியைக் கழற்றி, "இந்தா, புடி" என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை கறுப்பாக இருந்தது. அப்புறம் சாம்பல். ஓரத்திலிருந்து மங்கலாக, ஊறிய அப்பளம்போல ஏதோ ஒன்று உள்ளே வந்தது. அவர் குவிக்கும் திருகைத் தொட்டார். அது சுருங்கியது.

"இதுவா..." கொஞ்சம் திருப்பினார். "அதுவா?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உண்மையாகவே பார்த்துச் சொன்னாள். "முன்ன இருந்ததுதான்."

"இதுவா, அதுவா?"

"இது. இல்ல, இன்னும் ஒரு நூல். நில்லுங்க. நில்லுங்க! அதுதான்."

நின்றது. வெளிர்மஞ்சளாக ஒரு மணி. நடுவில் ஊசி குத்தி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்பதுபோல வளையம். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பொருள்போலச் சன்னமாக அலைந்துகொண்டே இருந்தது.

"ஆடுது" என்றாள்.

"காத்து. நடுவுல இருக்கற காத்துதான் ஆடுது. அது ஆடல." அவர் பொத்தானை அழுத்தினார். திரையின் மூலையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. "விநாடிக்கு நூறு படம் எடுக்கும். பெரும்பாலும் ஆடினதாத்தான் இருக்கும். நடுநடுவுல ஒண்ணு ரெண்டு ஆடாம நிக்கும். அதப் பொறுக்கி எடுத்து அடுக்கினா போதும். தெளிவா வந்துரும்."

அவளுக்கு அது ஆடுவதே பிடித்திருந்தது. போட்டோ மாதிரி இல்லாமல் உயிரோடு இருந்தது. மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்தவள் வாயிலிருந்து, யோசிக்காததால், கண்தான் பேசியது.

"என்னங்க... இவ்வளவு சின்னதாவா இருக்கும்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நல்லா பெருசா தெரியுதுங்க, நல்லா பெருசா தெரியுதுங்க என்று எட்டு வருஷம் சொன்ன வாய். லாரி ஓட்டுநர்களைப் பிடிக்கிற மனுஷன் பக்கத்தில் நிற்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

அவர் குனிந்து தாங்கியின் திருகு ஒன்றை முறுக்கினார். அது ஏற்கெனவே முறுகித்தான் இருந்தது. "ஆமா" என்றார். "தூரம் ஜாஸ்தி இல்லையா."

அப்புறம் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது கம்பியின் மேலிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பித்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மனுஷனுக்கும் வயசாகிறது, முன்னைப்போல மோப்பம் இல்லை.

பத்து நாள் கழித்து, முன்னறையில் ஒருவர் பேண்ட்டின் கால் நீளம் குறைக்க வந்து முக்காலியில் நின்றார். அளவு குறிக்கத் தாள் அகப்படவில்லை. மேஜையில் பழுப்பு நோட்டு கிடந்தது. கேமரா வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று அவள் எடுத்தாள். எழுத வெற்றிடம் தேடி முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் கோடுகள் இல்லை, மாடல்கள் இல்லை. மேலே மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. மற்ற பக்கங்களைப்போல் கிறுக்காமல், நிதானமாக, யாருக்கும் புரியும்படி எழுதியிருந்தது.

"ஏங்க, முடியாதா?" என்றார் முக்காலியில் நின்றவர், அவள் தலையைப் பார்த்துவிட்டு. அவள் வாயைப் பார்க்கச் சொல்லவில்லை.

'மாலை ஏழு மணி. பனி விழுதுன்னு குழாய மூடிட்டு அவளக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்து மூடியக் கழட்ட மறந்துட்டேன். ரெண்டு நிமிஷம் பாத்தா. வளையம் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிட்டு இறங்கிப் போனா.'

அதற்குக் கீழே, ஒரு வரி விட்டு:

'கேமரா பாக்கணும்.'